உருளும் பந்தின் சத்தம்

பன்வில பஸ் எங்கள் அலுவலகத்துக்கு முன்னால் கியர் மாற்றி ஏறும்போது என் மேசை லேசாக அதிரும். டெலிபோன் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் பந்தும் சேர்ந்து அதிரும். உள்ளே இரும்புக் குண்டுகள் சலசலக்கும். பார்வையற்றவர்கள் ஆடும் கிரிக்கெட் பந்து அது. கேப்டனுடையது. இந்த மேசையும் கதிரையும்கூட அவருடையவைதான்.

நான் இங்கே கிளார்க்காகச் சேர்ந்தபோது அவர்தான் டெலிபோன் ஒபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்றோர் தேசிய அணியை இரண்டு சுற்றுப்பயணங்களில் தலைமை தாங்கி அழைத்துப் போனவர். அதோடு ராஜ வம்சம். கண்டியின் கடைசி ராஜாவுக்கு உறவு. எனக்கு இது போதாதா? முதல் வாரமே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. "வெள்ளக்காரன் ராசாவோட எங்க ஆளுங்கள வேலூருக்குக் கப்பல் ஏத்துனப்ப ஒருத்தருக்கு மட்டும் எடம் பத்தல தங்கச்சி. எறங்கி நடந்தே வந்துட்டாரு. அவரு வழி நாங்க," என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பியோன் அண்ணன் தேநீரை வைத்துவிட்டு, "ராசா, கிரீடம் எங்க?" என்று சீண்டுவார். "லாண்டரில கெடக்கு. சீனி போட்டீங்களா, அதச் சொல்லுங்க."

தெல்தெனியவில் நடந்த தெரிவுப் போட்டிக்கு நான்தான் துணைக்குப் போனேன். அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. இந்த முறை அணியில் இடம் கிடைக்காவிட்டால் அதோடு மட்டையை வைத்துவிட வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். பஸ்ஸில் எனக்கு ஒரே ஒரு விதியைத்தான் சொன்னார்: "சத்தந்தான் எங்களுக்குப் பந்து. அது உருளும்போது கிரவுண்டே வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும். காக்கா கத்துனா மட்டும் ஒண்ணும் செய்ய ஏலாது."

அன்று நன்றாக ஆடினார். பந்து போடுபவர் "ரெடியா?" என்பார், கேப்டன் தலையைச் சாய்த்து "ரெடி" என்பார், "ப்ளே" என்றதும் பந்து தரையோடு சலசலத்து வரும். மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பந்தைத் தரையோடு வழித்து எல்லைக்கு அனுப்பினார். எல்லோரும் கைதட்டி ஓய்ந்தார்கள். நான் ஓயவில்லை. அடுத்த "ப்ளே" வந்ததே எனக்குத் தெரியாது. "அப்படிப் போடுங்க ராசா!" என்று எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் மட்டை எங்கோ போனது. இரும்பு ஸ்டம்ப் கணீரென்றது.

நடுவர் ஓடிவந்து, சத்தம் தடையாக இருந்ததா என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தப் பந்தை மறுபடி போட்டிருப்பார்கள். "பந்து கேட்டுச்சு. அவுட்டுதான்," என்று சொல்லிவிட்டு மட்டையால் தரையைத் தட்டிக்கொண்டே வெளியே நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில், "யாரோ பின்னாலருந்து கத்திட்டாங்க," என்றேன். இதை எழுதும்போதும் என் முகம் சுடுகிறது. "அப்படியா," என்றார். விக்டோரியா நீர்த்தேக்கம் பின்னால் போய் வெகு நேரத்துக்குப் பிறகு, "நல்ல தொண்டை தங்கச்சி உங்களுக்கு. டெலிபோன் போர்டுலயே ஒக்கார வச்சிரலாம்," என்றார். நாளெல்லாம் குரல்களோடு இருந்த மனுஷன்.

பட்டியலில் அவர் பெயர் வரவில்லை. திங்கட்கிழமை மன்னிப்புக் கேட்கலாம், அடுத்த திங்கட்கிழமை கேட்கலாம் என்றிருந்தேன். அந்த மழைக்காலத்திலேயே டெங்கு வந்து போய்விட்டார். அவர் கதிரையில் என்னை உட்கார வைத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து அவருடைய மனைவி பந்தைக் கொண்டுவந்து தந்தார். "ஒங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு," என்றார். பிறகு மெதுவாக, "நீங்க பக்கத்துல இருந்தீங்கதானே. நேரா வந்த பந்த எப்படிம்மா விட்டாரு? கேட்டாச் சிரிச்சாரே ஒழிய சொல்லல," என்றார். "தெரியலை அக்கா," என்றேன்.

இதோ, அடுத்த பஸ் ஏறுகிறது. பந்து சலசலக்கிறது. தொலைபேசியில் யாரோ "ஹலோ, ஹலோ" என்கிறார்கள். சத்தம் அடங்கும்வரை நான் வாயைத் திறப்பதில்லை.