துரைக்குப் பெண் எடுத்த கதை

தீபாவளி முடிந்த வாரம், என் காதுக்குள் ஒரு கிளி வாந்தி எடுத்தது. பாதி அரைபட்ட தினை. நான் நெகிழ்ந்துபோனேன்... இருக்காதா பின்னே?

கிளியின் பெயர் துரை. காக்கட்டீல் ஜாதி. கொண்டையை நிமிர்த்தினால் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை தொப்பியோடு நிற்பதுபோலவே இருக்கும். இறகு முளைக்காத வயதிலேயே எடுத்து, இந்தப் பக்கத்து அடைமழைக்குப் பல்பு போட்டுச் சூடு காட்டி, சிரிஞ்சில் மாவு கரைத்து ஊட்டி ஆளாக்கியவன் நான். அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டே மாவின் சூட்டைச் சொல்லிவிடுவேன் — படித்தவர்கள் தெர்மாமீட்டரைத் தேடட்டும்.

துரையிடம் குஞ்சு எடுக்க ஆசை. கஹவத்தை டவுனில் கிளி விற்கும் நிஸாம் நானாவிடம் ஒரு பெட்டை வாங்கி வந்தேன். துரை அதன் தலையில் கொத்தினார். ரத்தம். மறுநாளும் அப்படியே. என்னைக் கண்டால் மட்டும் விசில், தோள், காதுக்குள் தினை.

பெட்டை தீனியைத் தொடாமல் மூலையில் ஒடுங்கியது. பயந்துபோய் நானாவை அழைத்தேன். அவர் கூட்டைப் பார்க்கவில்லை. என் காதில் ஒட்டியிருந்த தினையைப் பார்த்தார்.

"அண்ணன், அது ஒங்களத்தான் பொண்டாட்டின்னு நெனச்சிட்டிருக்கு."

"அதான் நான் கிட்டப் போனா கொத்துதா," என்றாள் என் மனைவி பாக்கியம். "சக்களத்தி சண்ட."

"இப்ப என்ன நானா செய்றது?"

"ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கூட்டுல போடுங்க. பழகின பொறகு சேத்து விடலாம். ரெண்டு மாசத்துக்கு நீங்க அந்தப் பக்கமே போவக் கூடாது. ஒங்க சத்தமும் கேக்கக் கூடாது. இல்லாட்டி பாவம், இந்தப் பொட்ட செத்துப் போவும்."

"என் வீட்ல நான் பேசக் கூடாதா?"

"பேசாமத்தான் இருங்களேன். எல்லாருக்கும் புண்ணியம்," என்றாள் பாக்கியம்.

யோசித்துப் பாருங்கள்... ஊட்டி ஊட்டி வளர்க்கிறோம். நம்மைத் தவிர வேறு முகமே பார்க்கத் தெரியாமல் ஆக்கிவிட்டு, பிறகு பெண் தேடி அலைகிறோம். கிளியைத்தான் சொல்லுகிறேன் — என் மூத்த மகன் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவன்.

பின்வாசல் வழியாகப் போய் வந்தேன். தேத்தண்ணியைக்கூடச் சைகையில்தான் கேட்டேன். தீனி வைப்பதெல்லாம் பாக்கியம்; பழகியதும் இரண்டையும் ஒரே கூட்டில் விட்டதும் அவள்தான். முதல் வாரம் துரை விசிலடித்துக்கொண்டே இருந்தார். நான் குசினி அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு விசில் குறைந்தது. அப்புறம் எனக்காக அடிக்கவே இல்லை. அது கொஞ்சம் வலித்தது.

நேற்று பாக்கியம் குசினி வாசலில் நின்று நான்கு விரலைக் காட்டினாள். நான்கு முட்டை. இரண்டும் மாறிமாறி அடைகாக்கின்றனவாம்.

இரண்டு மாதம் ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கும் ஒரு திறமை வேண்டும் — இந்த ஊரில் அது என்னைத் தவிர யாருக்கு இருக்கிறது?