சாவி, நீலக் கதவு வீட்டில்

ரொக்வியேல் ஊரின் மேட்டில் இருக்கும் பழைய தேவாலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் சோலான்ஜைத்தான் பார்க்க வேண்டும். பூட்டிய கதவில் ஒரு தகரப் பலகை தொங்கும்: ‘சாவி, நீலக் கதவு வீட்டில்.’ எண்ணூறு வருஷத்துச் சுவரோவியங்களைத் தேடி தென் பிரான்சின் இந்தக் கொர்பியேர் மலைப்பாதையில் காரை உருட்டிக்கொண்டு வரும் சுவீடன்காரரும் சரி, பாரிஸிலிருந்து வந்து நம் வெயிலைத் திட்டுகிறவரும் சரி, அவள் வீட்டு மணியை அடித்தே ஆகவேண்டும்.

பள்ளிக்கூடத்துச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் அவள். அதிகபட்ச தூரம் போன ஊர் துலூஸ், அதுவும் கண் ஆப்பரேஷனுக்கு. ஆனால் அவளுக்கு ஒசாகாவிலிருந்து புத்தாண்டு வாழ்த்து வரும். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், தேவாலயத்தைப் பார்த்துக்கொண்ட கிழவர் இறந்தபோது, வீடு பக்கத்தில் என்பதற்காக மட்டும்தான் சாவியை இவளிடம் கொடுத்தார்கள். அதை அவள் என்னவாக ஆக்கிவிட்டாள் என்று கொடுத்தவர்களுக்கே தெரியாது.

கதவைத் திறந்ததும் விளக்கைப் போடமாட்டாள். வந்தவர்களை இருட்டில் ஒரு நிமிஷம் சும்மா நிற்கச் சொல்வாள். கண் பழகப் பழக, சுவரில் முதலில் ஒரு கை தெரியும், பிறகு ஒரு முகம், பிறகு இயேசுவின் கடைசி இராவுணவு மேசை முழுதும். மேசை ஓரத்தில் தட்டு ஏந்தி நிற்கும் வேலைக்காரப் பெண் ஒருத்தி உண்டு. எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் அவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. “எல்லாரும் சாப்பிடறவங்களையே பாக்கறாங்க. இவளையும் கொஞ்சம் பாருங்க” என்பாள் சோலான்ஜ். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும்! அந்த வேலையில் அவளுக்கு அத்தனை உயிர்.

போன மே மாதம் ஒரு காலை, மேட்டிலிருந்து துளையிடும் சத்தம் கேட்டது. ஈரக்கையோடு ஓடினாள். தேவாலயக் கதவில் ஒரு ஆள் ஏதோ மின்பூட்டைப் பொருத்திக்கொண்டிருந்தான்.

“யார் சொல்லி கதவுல கைய வைக்கறீங்க?”

“மேயர் ஆபீஸ் உத்தரவும்மா. இனிமே போன்ல நம்பர் வாங்கி அழுத்தினா கதவு தானாத் திறக்கும், லைட் எரியும், டேப்ல விளக்கமும் பேசும். நீங்கதான் சாவிக்கார அம்மாவா? ஓய்வு எடுக்கப் போறீங்களாமே, நல்லா இருங்க!”

சோலான்ஜ் நேராக மேயர் ஆபீஸ் அறிவிப்புப் பலகைக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் பிப்ரவரி மாதத்துக் கவுன்சில் தீர்மானம் வெயிலில் மஞ்சளாகித் தொங்கியது. அந்தப் பலகையை இந்த ஊரில் யார் படிக்கிறார்கள்! ‘உறுப்பினர் அர்மான் ரிவால் முன்மொழிந்தபடியும், ஓய்வு பெற அவர் மனைவி தெரிவித்த விருப்பத்தின்படியும்…’ பதினொரு பேரும் கை தூக்கியிருந்தார்கள்.

அர்மான் ரிவால் அவள் புருஷன். மூன்று மாதமாக ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கட்டிலில் படுத்து, வாயைத் திறக்காத மனுஷன்.

வழியில் ரொட்டிக்கடைக்காரி ஒதில் அவளைப் பிடித்துக்கொண்டாள். “அடியே, சாவியை விடப்போறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் கடைசியிலயா?” கடைசி ஆள் தான்தான் என்று சோலான்ஜ் அவளிடம் எப்படிச் சொல்வாள்?

அர்மான் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அவள் கேட்டுவிட்டாள்.

“நான் எப்பய்யா ஓய்வு கேட்டேன்?”

“முட்டி வலிக்குதுன்னு நீதானே சொன்ன?”

“முட்டி வலிக்குதுன்னு சொன்னேன். சாவியைப் பிடுங்குன்னு சொன்னேனா?”

“ஞாயித்துக்கிழமை ஒரு வாய் நிம்மதியாத் திங்க முடியுதா? கோழியை வெட்டி வாயில வைக்கறேன், டிங்குங்குது. யாரோ ஜெர்மன்காரன். நீ எழுந்து ஓடற. நான் தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துத் தின்னணும். இருபத்திரண்டு வருஷம்!”

“அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ ஒத்துக்கவா போற?”

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று தெரியும், தெரிந்தேதான் செய்திருக்கிறான். பொய் சொன்னதைவிட அதுதான் அவளைக் கொன்றது.

பிறகு நிமிர்ந்து சொன்னாள். “நான் போய் உன்னைப் பொய்யன்னு ஊர்ல சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு. என் பொண்டாட்டி கேக்கலை, நான்தான் கேட்டேன்னு. அப்புறம் கவுன்சில் என்ன வேணா முடிவு பண்ணட்டும்.”

“அடுத்த கூட்டத்துல சொல்லிடறேன்” என்றான்.

ஜூன் கூட்டத்தில் தண்ணீர்க் குழாய்ப் பிரச்சினையாம், நேரமில்லையாம். ஜூலையில் மேயரம்மா கோபத்தில் இருந்தாராம். ஆகஸ்டில் கூட்டமே இல்லை. அர்மானைக் கோழை என்று சொன்னால் கோழைகள் கோபித்துக்கொள்வார்கள். அவளோ ஒவ்வொரு கூட்டத்தன்றும் அவன் வரும்வரை சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருந்தாள்.

செப்டம்பரில் பாரம்பரிய தினம் வந்தது. தேவாலயத்து முற்றத்தில் மேசை போட்டு, ஆலிவும் மஸ்கட் ஒயினும் வைத்து, நாற்பது பேர் கூடியிருந்தார்கள். மேயர் காஸ்தேல் அம்மா மூவர்ணப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு பேசினார். “இருபத்திரண்டு வருஷம் நம்ம சோலான்ஜ் இந்தக் கதவைக் காத்தாங்க. ஓய்வு வேணும்னு அவங்களே கேட்டப்போ, மறுக்க எங்களுக்கு மனசு வரலை.” எல்லாரும் கைதட்டினார்கள். ஒதில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோலான்ஜின் கையில் பெரிய பூங்கொத்து வந்து விழுந்தது. மின்பூட்டு வந்தபின் வேலையற்றுப்போன அந்த இரும்புச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்களாம்.

கூட்டத்தில் அர்மானைத் தேடினாள். முன்வரிசையிலேயே நின்றான், அவள் தேய்த்துக்கொடுத்த சட்டையில். அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான்.

“ரெண்டு வார்த்தை பேசுங்க சோலான்ஜ்!” என்றார் மேயரம்மா.

அதுவரை அவளுக்குமே தான் என்ன செய்யப்போகிறோம் என்று தெரியாது. அந்தக் கைதட்டலைப் பார்த்தபிறகு தெரிந்துவிட்டது. சாவியை மேசைமேல் வைத்தாள். நேரே போய்ப் பூங்கொத்தை அர்மானின் கையில் திணித்தாள்.

“நான் எதுக்கு மேயரம்மா பேசணும்? பிப்ரவரியில எனக்காக இவர்தானே பேசினாரு. இப்பவும் இவரே பேசட்டும். நான் என்ன சொன்னேன்னு இவருக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது.”

யாரோ சிரிக்கப்போய் நிறுத்திக்கொண்டார்கள். மேயரம்மா அர்மான் பக்கம் திரும்பினார். நாற்பது பேரும் திரும்பினார்கள். சோலான்ஜ் நகர்ந்து ஒதிலுக்குப் பக்கத்தில், கேட்க வந்தவர்களோடு ஒருத்தியாக நின்றுகொண்டாள்.