காளஹஸ்திக்குப் பிறகு ஒரு பௌத்தக் குன்று

நாங்கள் போய் வந்தது ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம். எழுத உட்கார்ந்திருப்பது ஆடி மாதத்தில். இடையில் ஆறு மாதம் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் வீட்டில் இரண்டரை வயதுப் பிள்ளை இல்லை என்று அர்த்தம். வேறு காரணமும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பயணம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். சத்தியவேட்டிலிருந்து காளஹஸ்தி, அங்கிருந்து திருப்பதி, இரவு தங்கல். மறுநாள் காலை ராஜம்பேட்டை போய், அங்கிருந்து நந்தலூர் பக்கத்தில் இருக்கும் பழைய பௌத்தக் குன்று. அன்றே ஊர் திரும்பல். போனது நானும் என் மகள் நிலாவும்.

இந்தக் குன்று எனக்குப் பழைய பாக்கி. திருப்பதியில் பி.ஏ. வரலாறு படித்தபோது எங்கள் வகுப்பை அங்கே அழைத்துப் போனார்கள். மலையின் பெயரைக் கேட்டதும் என் நைனா அனுப்ப மறுத்துவிட்டார். "அந்தப் பேர்ல ஒரு மலையா? பொம்பளப் புள்ளைக்கு அங்க இன்னா படிப்பு?" என்றார். தெலுங்கில் அந்தப் பெயரின் முதல் பாதி, பெண்களைத் திட்டும் வசை. வகுப்பில் எல்லோரும் போய்வந்து படம் காட்டினார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிய காரணம் நிலா. அவளுக்கு ஒன்றரை வயதில், காய்ச்சலின் உச்சத்தில் வலிப்பு வந்தது. கண் செருகி, கை கால் வெட்டி, இரண்டு நிமிடம். பெற்றவளுக்கு அது இரண்டு நிமிடம் அல்ல. "காய்ச்சலோட வர்றதும்மா, பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அஞ்சாறு வயசுல தானா நின்னுடும்" என்றார் குழந்தை மருத்துவர். வலிப்பு ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரேயும் எழுதிக் கொடுத்தார். நான் தலையாட்டிவிட்டு வந்து, ஒரு வருடம் அவளைச் சத்தியவேடு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி எங்கும் கொண்டு போகவில்லை.

இதற்குள் என் கணவருக்குப் பூனேவுக்கு மாற்றல் வந்துவிட்டது. எங்கள் பக்கம் கம்பெனிகள் வந்தபோது முதல் ஆட்களோடு உள்ளே போனவர் அவர். நிலம் இல்லாத குடும்பத்துக்குக் கம்பெனிச் சம்பளம் என்ன என்று எங்களுக்குத் தெரியும், அதனால் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் கூடப் போகவில்லை. ஒரு பகல், ஒரு இரவு ரயில். நடுவழியில் காய்ச்சல் வந்தால்? "வா" என்று அவர் கூப்பிடுவதும், "அடுத்த மாசம்" என்று நான் சொல்வதுமாகவே நாள் போயிற்று. பொங்கலுக்கு வந்துவிட்டு அவர் கிளம்பிய அன்று நிலா கேட்டுக்குப் பின்னால் நின்று அழுத அழுகையில், இரண்டு நாள் இவளை வெளியே கொண்டுபோய்க் கொண்டுவர முடிகிறதா என்று பார்த்துவிடுவது என முடிவெடுத்தேன். முடிந்தால் பூனே. முடியாவிட்டால் அவரிடம் முடியாது என்றே சொல்லிவிடுவது.

திட்டம் போட்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். மற்றவர்கள் வரைபடத்தில் கோயிலையும் ஓட்டலையும் தேடுவார்கள், நான் குழந்தை மருத்துவர்களைத் தேடினேன். குன்றிலிருந்து மிக அருகில் ராஜம்பேட்டையில் மருத்துவமனை, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். சரி, போகலாம்.

என் மாமியார் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். குழந்தைக்கு வந்தது நாகதோஷம், காளஹஸ்தியில் ராகு கேது பூஜை செய்தால்தான் வெளியே விடுவேன் என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காளஹஸ்தி வழியில்தானே இருக்கிறது.

அங்கேதான் தவறு செய்தேன். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: காளஹஸ்திக்குக் கடைசியாகத்தான் போகவேண்டும். கழித்த தோஷம் கூடவே வராமலிருக்க, அங்கிருந்து வேறு கோயிலுக்கோ அடுத்தவர் வீட்டுக்கோ போகாமல் நேராக வீடு திரும்பவேண்டும். பிறந்ததிலிருந்து கேட்ட விஷயம். ஆனால் நான் கிலோமீட்டரைப் பார்த்துத் திட்டம் போட்டேன். கிலோமீட்டர்படி காளஹஸ்திதான் முதலில் வருகிறது.

காலை ஆறரைக்கு மாமியாரும் எங்களோடு பஸ் ஏறினார். ஒன்பதுக்குள் காளஹஸ்தி. பூஜைச் சீட்டு ஐந்நூறு ரூபாய், பொருட்களை உள்ளேயே கொடுத்துவிடுகிறார்கள், கூட்டத்தோடு உட்கார்ந்து செய்ய அரை மணி நேரம். பூஜைக்குக் கொடுத்த தகட்டு நாகத்தை நிலா பொம்மை என்று நினைத்து என் சேலை மடிப்பில் ஒளித்துவைத்தாள். பதினொன்றரைக்கு வெளியே வந்து, நான் திருப்பதி பஸ் எங்கே நிற்கும் என்று விசாரித்தேன். மாமியார் நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"திருப்பதிக்கா? இப்பவா? அடியே, காளாஸ்திரி வந்தா நேரா வூட்டுக்குப் போவணும்னு பொறந்த கொயந்தைக்கும் தெரியும். காலேஜ் போய் இன்னாத்தப் படிச்சே?"

"அத்தே, நான் கோயிலுக்குப் போவல. அது வெறும் மல. சாமியே இல்ல."

"சாமி இல்லாத எடத்துக்கு ஏண்டி இம்மாந்தூரம் போற?"

நிலாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னேன்: "இன்னிக்குத் திரும்பினா இனிமே எப்பவுமே போவ மாட்டேன், அத்தே. என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

அவர் நிலாவின் நெற்றியில் இருந்த விபூதியை இன்னும் கொஞ்சம் அழுத்திவிட்டு, "ஏதானா ஆச்சு, ஒன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொல்லி, எதிர்ப்பக்கம் நின்ற சத்தியவேடு பஸ்ஸில் ஏறி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

திருப்பதிக்கு நாற்பது கிலோமீட்டருக்குள்தான், பஸ் அடிக்கடி உண்டு. இரவு என் கல்லூரித் தோழி பத்மா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. பஸ்ஸிலிருந்து அவளுக்குப் போன் செய்து, காளஹஸ்தியில் பூஜை முடிந்தது, வந்துகொண்டிருக்கிறோம் என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"நேரா அங்கேருந்தா வர?" என்றாள். "எங்க மாமியாரு இருக்காங்கடி. தெரிஞ்சா என்னையும் சேத்து வெளிய தள்ளிடுவாங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு அவளே வந்தாள். கையில் நான்கடுக்கு டிபன் கேரியர். எம்.ஏ. முடித்துப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள், எங்களிடமிருந்து இரண்டடி தள்ளி நின்று நிலாவுக்குக் கொய்யாப்பழம் பிடிக்குமா என்று கேட்டாள்.

"ஒட்டிக்குமா?" என்றேன்.

"எனக்கு நம்பிக்கை இல்லடி. ஆனா எதுக்கு வம்பு?"

எனக்குக் கோபம் வந்தது. பிறகு கேரியரைத் திறந்தேன், புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். கோபத்தோடேயே தின்று தீர்த்தேன். பஸ் ஸ்டாண்ட் எதிரில் எண்ணூறு ரூபாய்க்கு ஒரு லாட்ஜ் அறையும் பத்மாவே பேசிக் கொடுத்தாள். "தனியாவா?" என்று கேட்ட லாட்ஜ்காரரிடம், "இல்ல, ரெண்டு பேர்" என்று நிலாவைத் தூக்கிக் காட்டினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடப்பை பஸ். ராஜம்பேட்டைக்கு இரண்டரை மணி நேரம். பஸ் ஸ்டாண்ட் வெளியே ஆட்டோக்காரர்களிடம் நந்தலூர் பக்கத்துப் பௌத்த ஸ்தூபம் என்றேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "பெருமாள் கோயிலா?" என்றார் ஒருவர். "புத்தர் எல்லாம் இங்கே இல்லம்மா" என்றார் இன்னொருவர். நிலா தோளில் கனக்கிறாள், வெயில் ஏறுகிறது. வேறு வழியில்லாமல் நைனா என்னைச் சொல்லவிடாத பெயரைச் சொன்னேன். "லஞ்ஜகனும குட்ட."

நரைத்த மீசைக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஆ குட்டகா! முந்தே செப்பொச்சு கதம்மா!" அந்தக் குன்றா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்கிறார். ஒருவர் முகத்திலும் சுளிப்பு இல்லை. அவர்களுக்கு அது வசை இல்லை, விலாசம். போக, வர, காத்திருக்க என எல்லாம் சேர்த்து ஐந்நூறு ரூபாய்.

"மீவாரு ராலேதா?" என்று வழியில் கேட்டார். வீட்டுக்காரர் வரவில்லையா?

"ராலேது" என்றேன். வரவில்லை. அதற்குமேல் விளக்கம் சொல்லாமல் இருந்தது எனக்கே புதிதாக இருந்தது.

ஆட்டோ அடிவாரத்தில் நின்றுவிடும். மேலே ஒற்றையடிப் பாதை, முள்ளும் சரளைக் கல்லும். பாதி வழி நிலா நடந்தாள். பிறகு தூக்கச் சொல்லிக் கை நீட்டினாள். தூக்கினேன். கழுத்தில் பட்ட அவள் நெற்றி சுட்டது.

அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மாமியார் குரல் காதில் கேட்டது. பத்மா தள்ளி நின்ற இரண்டடி ஞாபகம் வந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர், பன்னிரண்டு கிலோமீட்டர் என்று மனசு கணக்குப் போடுகிறது. ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து, தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைப்பதற்காக ஸ்வெட்டரைக் கழற்றினேன். அதன் கீழே இன்னொரு ஸ்வெட்டர். தலையில் கம்பளிக் குல்லா. எல்லாம் விடியற்காலைப் பனிக்காக நானே போட்டு, எடுக்க மறந்தவை. பத்து மணி வெயிலில் என் பிள்ளையை மூட்டையாகக் கட்டி மலை ஏற்றியிருக்கிறேன்! தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்றது. தண்ணீர் கொடுத்து, விசிறி, கால் மணி கழித்து மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை. நிலா பனியனோடு எழுந்து, "மேல, மேல" என்றாள்.

மேலே போனோம்.

பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். செங்கல் அடித்தளங்கள் இருக்கின்றன, வட்டமாகச் சில, அறை அறையாகச் சில. ஒவ்வொரு செங்கலும் இன்றைய செங்கலைவிட மிகப் பெரியது. நடுவில் புல். கீழே செய்யேறு நதி, தண்ணீரைவிட மணல் அதிகம். வரிசையோ உண்டியலோ கிடையாது. எந்த ஊர், என்ன குலம் என்று கேட்க ஆளும் கிடையாது. எங்கள் வீட்டுப் பெரியவர்களை வாசலோடு நிறுத்திய கோயில்களை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே வாசலே இல்லை. ஒரு வட்டத்தின் விளிம்பில் நிலா ஓட ஆரம்பித்தாள். நான் பின்னால் ஓடவில்லை, உட்கார்ந்து பார்த்தேன். ஒரு வருடத்தில் முதல் முறையாக அவளுக்கும் எனக்கும் நடுவில் பத்தடி இருந்தது.

ஆந்திராவில் பல பௌத்த மேடுகளுக்கு இதே வசைப்பெயர்தான். ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வீட்டை விட்டு வந்து மொட்டை போட்டுக்கொண்ட பெண் துறவிகளை ஊர் இப்படித்தான் அழைத்திருக்கும் என்று எங்கள் ஆசிரியை சொன்னதாகப் பத்மா சொல்வாள். உண்மையா தெரியாது. ஆனால் எனக்கு நம்பப் பிடித்திருக்கிறது.

மாலை ஏழுக்குள் சத்தியவேடு வந்துவிட்டோம்.

இதோடு முடித்திருந்தால் அழகாக இருக்கும். பத்து நாள் கழித்து நிலாவுக்குக் காய்ச்சல் வந்தது. வலிப்பும் வந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஸ்பிரேயைக் கையில் எடுத்தேன். அடிக்கத் தேவைப்படவில்லை, அதற்குள் நின்றுவிட்டது. மாமியார் கதவருகே நின்று அழுதார். "காளாஸ்திரி போன கையோட சுத்தினே இல்ல? பாத்தியா?"

"போன தடவ நாம எங்கயுமே போவல, அத்தே," என்றேன். "வூட்டுக்குள்ளயேதான் வந்துது."

அந்த வாரமே பூனேவுக்கு டிக்கெட் போட்டேன்.

குழந்தையோடு அங்கே போகிறவர்களுக்கு: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. மேலே நிழல் குறைவு, கடை இல்லை, தண்ணீரும் தின்பண்டமும் ராஜம்பேட்டையிலேயே வாங்கிவிடுங்கள். ஷூ போடுங்கள். குழந்தைக்குப் போட்ட ஸ்வெட்டரை ஞாபகமாகக் கழற்றுங்கள். நான் சொன்ன ரூபாய்க் கணக்கு ஜனவரி நிலவரம், ஆட்டோவை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள். பௌத்த ஸ்தூபம் என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், பெயரைச் சொல்லுங்கள். காளஹஸ்தியைக் கடைசியில் வைத்தால் தோழி வீட்டில் தங்கலாம். முதலில் வைத்தாலும் பஸ் அதே நேரத்துக்குத்தான் கிளம்புகிறது.

ஆறு மாதக் கதை இதுதான். இதை எழுதுவது பூனேவில். சென்னையில் ரயிலேறி வந்தோம், மாமியாரும் கூடவே. "நீ தனியா இன்னா பண்ணுவ" என்று அவராகவே பெட்டி கட்டினார். அந்த ரயில் நந்தலூர் வழியாகத்தான் வருகிறது. ஜன்னலில் குன்றுகள் வந்தபோது நிலா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எதுடி அது, நீ போன மல?"

கை காட்டினேன். அதுதானா, பக்கத்துக் குன்றா என்று எனக்கே உறுதியில்லை.

"அதுக்குப் பேரு இன்னா? இத்தினி நாளா நீ சொல்லவே இல்லியே."

பெட்டி நிறையத் தெலுங்கு பேசுகிறவர்கள். எதிர் சீட்டில் ஒரு குடும்பம் முறுக்கு தின்றுகொண்டிருந்தது. நான் பெயரை முழுதாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.