என்னையக் கேளுங்க

அம்மாவின் காரியங்கள் முடிந்ததும் அண்ணன் போத்தனூர் வீட்டைப் பூட்டி, என்னைப் பொள்ளாச்சிப் பக்கம் ஓர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். பிறந்ததிலிருந்தே என் கைகால்கள் சொன்னபடி கேட்காது. பேச்சும் இழுத்து இழுத்துத்தான் வரும். எனக்காகப் பேசுவது வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. காரில் ஏற்றும்போதும் யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்போது நான் நாற்பதைத் தாண்டியிருந்தேன்.

இல்லத்தைக் குறை சொல்ல மாட்டேன். வேளைக்குச் சோறு, துவைத்த துணி, தென்னந்தோப்புக் காற்று. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு பேக்கரி இருந்தது. அங்கே போய் டீ குடிக்க வேண்டும் என்று காப்பாளர் அம்மாவிடம் கேட்டேன்.

"அதுக்கென்ன கண்ணு, இங்கயே போட்டுத் தரச் சொல்றேன்."

"அங்க போய்க் குடிக்கோணுங்க."

"அப்ப உங்கண்ணன் ஒரு வார்த்தை சொல்லோணும் கண்ணு."

ஒரு டீக்கு அண்ணனின் அனுமதி. அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை; ஆற விடவும் மாட்டேன்.

செல்போனை வாசிக்க வைத்துக் கேட்பது என் பழக்கம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவை அப்படித்தான் அறிந்திருந்தேன். சமூகத்தில் வாழ எங்களுக்கு உரிமை உண்டு, இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கூடாது, வீட்டிலேயே உதவி கிடைக்க வழி வேண்டும் என்கிறது அது. அரசு இதற்கெல்லாம் முயல வேண்டும் என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். சரி, நானும் முயல்கிறேன் என்று அண்ணனை அழைத்தேன்.

"சட்டம் வந்து உன்னையக் குளிப்பாட்டி உடுமா அம்மணி?"

"குளிப்பாட்ட ஆள் வெச்சுக்கறனுங்கண்ணா. ஊட்டுச் சாவியக் குடுங்க."

அவர் போனை வைத்துவிட்டார். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் பேசினேன். என் பேச்சு புரியாமல் துண்டித்தார்கள். புரியும்வரை அழைத்தேன். கடைசியில் ஓர் அதிகாரி, அண்ணனையும் வரச் சொல்லிவிட்டு, இல்லத்துக்கே வந்தார். வந்ததும் அண்ணனைப் பார்த்து, "இவங்களுக்கு என்ன வேணுமாமுங்க?" என்றார்.

"ஏனுங்க, என்னையக் கேளுங்க," என்றேன். "எனக்கு வாய் இருக்குது. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்."

அதிகாரி நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். நான் முடிக்கும்வரை யாரையும் குறுக்கே பேச விடவில்லை. பிறகு அண்ணனிடம், "இவங்க இஷ்டத்துக்கு மாறா இங்க வெச்சிருக்க முடியாதுங்க" என்றார். அண்ணன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இப்போது போத்தனூரில் இருக்கிறேன். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பாய் வீட்டு அக்கா காலையும் மாலையும் உதவிக்கு வருகிறார். அப்பாவின் ரயில்வே ஓய்வூதியம் அம்மாவுக்குப் பிறகு எனக்கு வருவதால் சம்பளம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறேன். யாருடைய கருணையும் இல்லை. வாசல் படியை இடித்துச் சாய்தளம் போட்டாயிற்று. கடைவீதிக்குச் சக்கர நாற்காலியில் போகிறேன். காய்க்காரருக்கு என் பேச்சு பழகிவிட்டது. சிரமமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அக்கா வராத ஒரு நாள் மத்தியானம்வரை கட்டிலிலேயே கிடந்தேன். ஆனால் அது என் கட்டில்.

போன மழைக்குக் காய்ச்சல் கண்டது. கேள்விப்பட்டு அண்ணன் கோவை ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அழைத்தார். நான் திரும்பி வந்தபிறகு அதுதான் முதல் அழைப்பு.

"பாத்தியா? இதுக்குத்தான் அங்கயே இருன்னு சொன்னேன்."

"காய்ச்சல் உங்களுக்குந்தான் வரும். அப்ப உங்களை எங்க கொண்டுபோய் உடறதுங்கண்ணா?"

அண்ணன் குரலைத் தாழ்த்தி, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார்.