சந்திரம்மாவின் வெள்ளிக்கிழமை ஜெபம்

நெம்மேலிப் பக்கம் சந்திரம்மாவைப் பார்க்காதவர்கள் இருக்கலாம்; அவர் குரலைக் கேட்காதவர்கள் இல்லை. பகலில் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றில் துணி துவைக்கிற வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வீட்டு ஜெபக்கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். பாட்டெல்லாம் முடிந்ததும் சந்திரம்மா கண்ணை மூடி, கையை உயர்த்தி, ஊருக்காக ஜெபிப்பார். அதுவும் பெயர் சொல்லி.

"ஆண்டவரே, குடியிலே கிடக்கிற ஆபிரகாமைத் தொட்டருளும். கோயிலுக்கு வராம டிவி முன்னாடி உக்காந்திருக்கிற பெஞ்சமின் பொண்டாட்டியைத் தொட்டருளும்."

ஆண்டவர் தொடுவதற்கு முன்பே ஊர் தொட்டுவிடும். மறுநாள் குழாயடியில் அதுதான் பேச்சு.

சந்திரம்மா கெட்ட மனுஷி இல்லை. காய்ச்சல், பிரசவம், சாவு எதுவானாலும் முதல் ஆளாய் ஓடுவார். சும்மா பேசினால் வம்பு, கண்ணை மூடிக்கொண்டு பேசினால் ஜெபம் என்று எப்படியோ மனசில் பதிந்துவிட்டது, அவ்வளவுதான்.

போன மாதம் ஜெபத்தில் அடுத்த தெரு ஜாய்ஸின் பெயர் வந்தது. புருஷனோடு ஒத்துப்போகாமல் தாய்வீட்டுக்கு வந்திருந்தவள். அவள் எதிரிலேயே, "இந்தப் பிள்ளைக்கு நாவடக்கத்தைத் தாரும், குடும்பத்தை உடைக்கிற வாயைக் கட்டும்" என்று சந்திரம்மா உருகினார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். ஜாய்ஸ் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் கூட்டத்துக்கு வரவில்லை.

அந்த ஜாய்ஸ் வீட்டில் தன் மருமகள் ரோகிணி இருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் சந்திரம்மாவுக்குச் சுருக்கென்றது. ரோகிணி திருப்போரூர்ப் பெண். மகன் ஸ்டான்லியை விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தவள், அதிர்ந்து பேசத் தெரியாதவள். வேலை முடிந்து வந்த சந்திரம்மா, வந்த கோலத்தோடு போனார். உள்ளே ரோகிணி வெளுத்த முகத்தோடு படுத்திருந்தாள். பக்கத்தில் ரசஞ்சோற்றுத் தட்டோடு ஜாய்ஸ்.

"இன்னாடி இது? நம்ம வூடு இருக்க இங்க வந்து படுத்துகினு கீற?"

"கத்தாதீங்கக்கா," என்றாள் ஜாய்ஸ். "அவளுக்குக் கலைஞ்சிடுச்சு. காலைல நான்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன்."

மருமகள் முழுகாமல் இருந்ததே சந்திரம்மாவுக்குத் தெரியாது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

ரோகிணி சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "சொல்லணும்னுதான் இருந்தேன் அத்த. வெள்ளிக்கெழம ஜெபத்துல சொல்லிடுவீங்கன்னு பயமா இருந்துச்சு. அவரையும் நான்தான் சொல்ல வேணாம்னேன்."

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. சந்திரம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சொந்த வீட்டுப் பிள்ளை தன் வாய்க்குப் பயந்து அடுத்தவர் வீட்டில் அழுதிருக்கிறாள்.

"ஜாய்ஸு, உன் வாயக் கட்டச் சொல்லி ஆண்டவர்கிட்ட கேட்டனே. என் வாய நான் பாக்கவே இல்லியே. என்ன மன்னிச்சிடும்மா."

ஜாய்ஸ் உடனே கரைந்துவிடவில்லை. "அத அப்பறம் பாக்கலாம். மீதி சோத்த நீங்க ஊட்டுங்க," என்று தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கூட்டம் சந்திரம்மா வீட்டில். வீடு திரும்பிய ரோகிணி உள்ளறையில் படுத்திருந்தாள். இந்த வாரம் யார் பெயரோ என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆண்டவரே, சந்திரம்மாவைத் தொட்டருளும். அவ வாயைத் தொட்டருளும்." குரல் உடைந்தது. அத்தோடு கண்ணைத் திறந்துவிட்டார். ஆமென் சொல்லவே யாருக்கும் தோன்றவில்லை.

கிளம்பும்போது பெஞ்சமின் பொண்டாட்டி நெருங்கி வந்தாள். "இன்னாக்கா ஆச்சு? வூட்ல எதுனா பிரச்சனையா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்காக நாலு பேர் ஜெபித்தால் நல்லதுதானே என்று பழைய மனசு வாதாடியது. சந்திரம்மா டீ டம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. டீய குடி, ஆறிடப் போவுது."

எல்லாரும் போனதும் உள்ளறையிலிருந்து ரோகிணி கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அத்த, இங்க வந்து உக்காருங்க. இப்போ எனக்காக ஜெபம் பண்ணுங்க."

சந்திரம்மா அவள் தலையில் கை வைத்தார். கண்ணீர் வழிந்தது, உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று பக்கத்திலிருந்த ரோகிணிக்கே கேட்கவில்லை.