சுமலதா சுற்றிப் பார்த்த வீடு

குன்னூர் வட்டாரத்தில் பழைய வீடு வாங்குகிறவர்கள் பேச்சை முடிப்பதற்கு முன் சுமலதாவை ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டிவிடுவார்கள். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சிவில் டிப்ளமோ படித்தவர். ஸ்கூட்டர் பெட்டியில் தூக்குக்குண்டு, ரசமட்டம், சின்னச் சுத்தியல், டார்ச் லைட், ஒரு கோலிக்குண்டு எல்லாம் இருக்கும். அந்த வீட்டில் பயமில்லாமல் குடியிருக்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் தொழில்.

அவருடைய பெற்றோர் தங்கையாவும் வீரம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில்தான் சுமலதா வளர்ந்தார். அவருக்குப் பதினோரு வயதிருக்கும்போது, ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், பின்சுவரிலிருந்து சேற்றுத் தண்ணீர் கசிவதை வீரம்மா பார்த்தார். "இந்தக் காம்பராவுல இனி ஒரு நிமிசமும் இருக்கப்படாது" என்று, பாதி வெந்த சோற்றுப் பானையோடு பிள்ளைகளை அறையை விட்டு வெளியே ஓட்டினார். ஒரு மணி நேரத்தில் சுவர் சரிந்தது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. சுவர் விழப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும் என்பது அந்தச் சிறுமிக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பயம் சில நாளில் போய்விட்டது; ஆச்சரியம் போகவில்லை.

சென்ற வருடம் மாசி மாதம் தங்கமணி என்பவர் அவரைக் கூப்பிட்டார். தங்கமணியும் கணவர் கருப்புசாமியும் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். குன்னூரில் மளிகைக்கடை வைத்து, இருபத்திரண்டு வருடமாகக் கடைக்கு மேலேயே வாடகைக்கு இருந்தார்கள். அருவங்காட்டில் ஒரு வீடு பிடித்துப்போய், கிரயத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. சாமிப்படம் எங்கே மாட்டுவது என்பது வரை கருப்புசாமி தீர்மானித்திருந்தார்.

"நல்ல நாள் பாத்தாச்சுங்க அம்மணி. சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லீட்டீங்கன்னா போதும்" என்றார் அவர்.

"சும்மா பாக்க எனக்குத் தெரியாதுங்கண்ணா" என்றார் சுமலதா.

வீட்டை விற்கிறவர் பிராங்ளின், அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சுவாதியோடு சென்னையில் போய் இருக்கலாம் என்று அவரும் மனைவி மாலதியும் முடிவு செய்திருந்தார்கள். தங்கமணி தம்பதியோடு சுமலதா வந்ததும் பிராங்ளின் டீ நீட்டினார். சுமலதா வாங்கவில்லை. "முடிச்சிட்டுக் குடிக்கிறேங்க. குடிச்சிட்டா அப்புறம் குறை சொல்ல நாக்கு வராது" என்றார். பிராங்ளின் சிரித்துக்கொண்டே டம்ளரை மூடி வைத்தார்.

சுமலதா கூரையில் ஏறிப் பார்த்தார். மரமெல்லாம் உறுதியாக இருந்தது, கரையான் இல்லை. முன்னறைச் சுவர்கள் தூக்குக்குண்டுக்கு இம்மியும் பிசகாமல் நின்றன. குளியலறை கீசருக்கு எர்த் கம்பி இணைக்கவே இல்லை. அதை மட்டும் அங்கேயே நிறுத்தி, சுவிட்சின் மேல் டேப் ஒட்டினார். பிறகு சமையலறைக்குப் போனார். அது பின்னாளில் பின்பக்கம் மண் கொட்டி மேடாக்கிச் சேர்த்துக் கட்டியது. தரையில் வைத்த கோலிக்குண்டு தானாகப் பின்மூலைக்கு உருண்டது. ஜன்னலுக்கு மேலே ஒரு விரிசல் படிப்படியாக ஏறியிருந்தது.

"இந்தக் கதவு இடிக்குங்களா?"

"மழைக்கு மரம் ஊதிக்கும். நாலு தடவை சீவி விட்டிருக்கேன்" என்றார் பிராங்ளின்.

"கதவு ஊதலைங்க. நிலை சாயுது."

எல்லோரும் பின்பக்கம் இறங்கினார்கள். சமையலறைக்கு அடியிலுள்ள மண்ணைத் தாங்கும் கல்சுவர், நடுவில் வயிறு தள்ளியிருந்தது. தண்ணீர் வடிவதற்கு அதில் ஒரு ஓட்டைகூடக் காணவில்லை. சுத்தியலால் தட்டியபோது ஏழு இடத்தில் மட்டும் சிமென்ட் பூச்சு தட்டுப்பட்டது.

"பாம்பு வருதுன்னு நான்தான்மா ஓட்டை எல்லாத்தையும் அடைச்சேன்" என்றார் பிராங்ளின் மெதுவாக.

சுமலதா ஒளிக்காமல் சொன்னார். வீடு நல்ல வீடு. ஆனால் சமையலறை இரண்டு மழைகூடத் தாங்காது. வருஷக்கணக்காக வடிய வழியில்லாத தண்ணீர் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

பிராங்ளின் நேராக உள்ளே போய் அடுப்பை அணைத்தார். குக்கரை முன்னறைக்குத் தூக்கி வந்தார். பிறகு, "நான் இந்த வீட்டை விக்கல" என்றார்.

கருப்புசாமிக்குப் புரியவில்லை. "ஏனுங்க, வாங்கறவன் நான்தானுங்க பின்வாங்கோணும்? நீங்க எதுக்குங்க?"

"கிறிஸ்துமஸுக்கு என் பேரப்பிள்ளைங்க அந்தச் சுவருக்குக் கீழதான் பந்து விளையாடுச்சுங்க. இனி தெரிஞ்சே உங்க கையில எப்படித் தருவேன்? சரி பண்ணித்தான் தருவேன். அதுவரைக்கும் கிரயம் கிடையாது."

"எங்களுக்கு வேற ஊடு வேண்டாமுங்க. இதுதான் வேணும்" என்றார் கருப்புசாமி. ஒருவர் விற்க மாட்டேன் என்றும், ஒருவர் வாங்கியே தீருவேன் என்றும் மல்லுக்கட்டியதைப் பார்த்துத் தங்கமணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாலதியும் சேர்ந்துகொண்டார். குறை சொன்னதற்கு வசவு வாங்கியே பழகிய சுமலதா, அன்று ஆறிப்போன டீயை நின்றபடியே குடித்து முடித்தார்.

அடுத்த வாரமே வேலை தொடங்கியது. சமையலறையைப் பிரித்து எடுத்தார்கள். கல்சுவருக்கு மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, அடைத்த ஓட்டைகளை ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார் சுமலதா. மூன்றாவது ஓட்டையில் கம்பி இறங்கியதும் செம்மண் தண்ணீர் பீறிட்டு, எதிரே நின்ற பிராங்ளினை நெஞ்சுவரை நனைத்தது. "இத்தனை வருசமா இதையா கட்டிவெச்சிருந்தேன்" என்று அவர் கையை விரித்தபடி அப்படியே நின்று சிரித்தார். தண்ணீர் மறுநாள் காலைவரை ஓடியது. பிறகு சுவரைப் பிரித்து, பின்னால் சரளைக்கல் நிரப்பி, வடிகுழாய்களோடு புதிதாகக் கட்டினார்கள். சமையலறை இந்த முறை வீட்டின் கிழக்குப் பக்கம், கெட்டி மண்ணில் எழுந்தது. அங்கே காலை வெயில் நேரே அடுப்புமேடையில் விழுவதைப் பார்த்துவிட்டு, "மொதல்லயே இங்க கட்டியிருக்கலாமே. எனக்குத் தராம அவங்களுக்குத் தர்றீங்களே" என்று மாலதி கணவரைச் செல்லமாகக் கோபித்தார்.

ஆவணியில் கிரயம் முடிந்து, தங்கமணியும் கருப்புசாமியும் பால் காய்ச்சினார்கள். பிராங்ளினும் மாலதியும் சென்னையிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கினார்கள். சுமலதா தன் அம்மா வீரம்மாவையும் கூட்டி வந்திருந்தார். வீரம்மா சாப்பிட்ட கையோடு பின்பக்கம் போய், புதுச் சுவரை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, "காஞ்சு கெடக்கு" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு வந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தபோது கருப்புசாமி போன் செய்தார். குடையோடு பின்பக்கம் நிற்பதாகச் சொன்னார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

"எல்லாக் கொழாயிலயும் தண்ணி கொட்டுதுங்க அம்மணி. பாக்கறதுக்கு அத்தனை நல்லா இருக்குதுங்க."

"எலை அடைக்காமப் பாத்துக்கங்கண்ணா" என்றார் சுமலதா. அவர் அப்போது கட்டபெட்டு கிராமத்தில் வேறொரு வீட்டு வாசலில், மழை குறையட்டும் என்று காத்திருந்தார்.