சங்கு குளிக்கிறவர்

கொல்லிமலைக்கு ஆசிரியையாகப் போன முதல் வாரமே, நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் கேட்டார்.

"ஏனுங் கண்ணு, உங்கப்பாரு என்ன பண்றாருங்க?"

"சங்கு குளிக்கிறாருங்க" என்றேன்.

நான் இராமநாதபுரம் கடற்கரைக்காரி. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறையும் பாசியுமாகக் கிடக்கும் கடலடியில் முங்கிச் சங்கு எடுப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலையில் பக்தி கொஞ்சம் அதிகம்போல என்று நினைத்தேன். தமிழ் சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு இவ்வளவுதான் மூளை.

அதன்பின் எடப்புளி நாடு என்று மலைக்காரர்கள் சொல்லும் அந்த ஊர்களில் எனக்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் பழுத்த பலாவின் சுளை எனக்குத்தான் வரும். நம் பாடம் நன்றாக இருக்கிறது என்று நானும் மிதப்பில் இருந்தேன்.

ஆடி மாதம் அப்பா என்னைப் பார்க்க வந்தார். ஆழத்தில் முங்கி முங்கி அவருக்கு இரண்டு காதும் போயிருந்தன. யார் எது கேட்டாலும் சிரித்துத் தலையாட்டுவார். ஊர்க்காரர்கள் அவரைக் கையோடு ஆற்றங்கரைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள். கோயிலுக்கு முன்னால் உள்ள மடுவில் யாரும் மீன் பிடிக்க மாட்டார்கள். அந்த மீன்களும் சாமிதான். நான் மீன் தின்று வளர்ந்தவள் என்று அந்த ஊரில் மூச்சுக்கூட விட்டதில்லை.

பெரியவர் ஒருவர் அப்பாவின் தலையில் துண்டைக் கட்டி, தண்ணீர் நிறைத்த சங்கைக் கையில் கொடுத்தார்.

"நீங்களே ஊத்துங்க சாமி. சங்குல சாமியக் குளிப்பாட்டற கையாச்சுங்களே!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னைப் பூசாரி மகள் என்றல்லவா இத்தனை நாள் கொண்டாடியிருக்கிறார்கள்! உடம்பெல்லாம் கூசியது. அப்பாவோ சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகம் மலரத் தலையாட்டிக்கொண்டிருந்தார். சாமி காரியம், பேசாமல் விடவும் முடியாது. அவர் காதருகே போய்க் கத்தினேன்.

"வேணாம்ப்பா! உங்களைப் பூசாரின்னு நினைச்சிட்டாங்க! கடல்ல முங்கிச் சங்கு எடுக்கிறவருன்னு சொல்லுங்க!"

அவரைத் தவிர எல்லோருக்கும் கேட்டது.

"அப்ப மீனும் புடிப்பாருங்களா?" என்றார் பெரியவர்.

"பிடிப்பாருங்க."

என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. இந்த மனுஷன் ஏன் மலையேறி வந்தார் என்றுகூட அந்த நிமிஷம் தோன்றியது. பெரியவர் சங்கை மெதுவாக வாங்கிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

வீட்டு அம்மாள்தான் கொஞ்சம் பொரியை அப்பாவின் கையில் கொடுத்தார். தலைத்துண்டை அவிழ்க்காமலே அவர் மடுவின் படியில் குனிந்து பொரியைத் தூவினார். மீன்கள் மொய்த்தன.

"அடித்தரை எப்படித் தெரியுது பாரு தாயி! குஞ்சு குளுவானெல்லாம் பயமில்லாமத் திரியுது" என்றார், காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில். "நாங்களும் சின்னச் சங்க உசிரோட கடலுக்கே விட்டுருவோம். அளவு பாக்க சர்க்கார் குடுத்த வளையத்துக்குள்ள சங்கு நுழைஞ்சா அது சின்னது, எடுக்கக் கூடாது."

எல்லோருடைய கண்ணும் அவர் கையின்மீதே இருந்தது. எங்கே ஒரு மீனைப் பிடித்துவிடுவாரோ என்று நானும் அந்தக் கையையே பார்த்தேன்.

மறுநாள் சோளக்காடு சந்தையருகே பஸ்ஸுக்கு நின்றபோது அப்பா கேட்டார்.

"ஆத்தங்கரையில என் காதுல என்னமோ கத்துனியே தாயி. கண்ணெல்லாம் தண்ணி. என்ன சொன்ன?"

மிளகு மூட்டைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, மறுபடியும் கத்தினேன். "நீங்க சங்கு குளிக்கிறவருன்னு சொன்னேன்!"

இம்முறை என் வாயையே உற்றுப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"ஆமா, சங்கு குளிக்கிறவன்தான். அதுக்கா அழுத?"